தம்பியின் வங்கிக் கணக்கு முடக்கம்: அவசர உதவி தேவை

கரிசல்மண்:
வணக்கம். தம்பியின் கணக்கு நேற்று முதல் முடங்கியிருக்கிறது. கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) சரியாகத்தான் உள்ளது, மேலிடத்து உத்தரவு என்று மட்டும் கிளையில் சொல்கிறார்கள். கல்லூரிக் கட்டணம் செலுத்த வெள்ளிக்கிழமையே கடைசி நாள். என்ன செய்யலாம்?

தென்றல்77:
முழு முடக்கமா, ஒரு தொகையை மட்டும் எடுக்க முடியாதபடி நிறுத்திவைக்கும் ‘லீன்’ பிடிப்பா? யாருடைய உத்தரவு?

நெல்லைவாசி:
பான் அட்டையை ஆதாருடன் இணைத்திருக்க மாட்டார். அதை முடித்தால் சரியாகிவிடும்.

பழைய காசாளர்:
ஆதாருடன் இணைக்காமல் பான் செயலிழந்தால் வரிப் பிடித்தம் கூடுமே தவிர, கணக்கு முடங்காது. இங்கே பலமுறை எழுதியாயிற்று; படிப்பவர்தான் இல்லை. இணைய மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவர் 1930 என்ற உதவி எண்ணில் புகார் அளித்தால், அந்தப் பணம் கைமாறிய கணக்குகளை வங்கிகள் வரிசையாக நிறுத்திவைக்கும். கிளையில் அந்தப் புகாரின் ஒப்புகை எண்ணைக் கேளுங்கள். தம்பி தம் கணக்கை யாரிடமாவது கொடுத்தாரா?

கரிசல்மண்:
விடுதி நண்பன் ஒருவன், விளையாட்டுச் செயலி நிறுவனத்தின் சம்பளம் வரவேண்டும் என்று கேட்டதால், பாஸ்புக், ஏடிஎம் அட்டை, கணக்குடன் இணைந்த சிம் மூன்றையும் ஓர் உறையில் போட்டு, உறையின் மேலேயே பின் எண்ணையும் பென்சிலால் எழுதிக் கொடுத்திருக்கிறான். 4,000 ரூபாய் கிடைத்ததாம். இது முக்கியம் என்று தோன்றாததால் முதலில் எழுதவில்லை.

தென்றல்77:
முக்கியமே இதுதான். மோசடிப் பணத்தைக் கைமாற்ற இப்படி இரவல் வாங்கப்படும் கணக்கைத்தான் மியூல் கணக்கு என்கிறார்கள். அந்த சிம்மை இன்றே முடக்குங்கள். தம்பியின் பெயரில் வேறு இணைப்புகள் உள்ளனவா என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். நண்பனின் குறுஞ்செய்திகளை அழிக்காமல், வழக்கறிஞருடன் சென்று காவல்துறையிடம் விளக்கம் கொடுங்கள்.

நெல்லைவாசி:
நடக்க முடியாத என் தாயாரை ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றுக்கு நேரில் அழைத்துவரச் சொன்ன வங்கி, மாணவனின் கணக்கில் பெரும்பணம் புரண்டபோது உறங்கியதா?

பழைய காசாளர்:
கணக்கைத் திறப்பவர் யார் என்பதைத்தான் கேஒய்சி காட்டும். பிறகு அட்டையை இயந்திரத்தில் செருகுபவர் யார் என்பதைக் காட்டாது. அதற்காகத்தான் ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் மியூல் கணக்குகளைக் கண்டுபிடிக்கும் மியூல்ஹன்டர் என்ற கருவியை உருவாக்கியது.

நெல்லைவாசி:
கருவி இருந்தும் பிடிபட்டது மாணவன்தானே?

தென்றல்77:
குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் முடக்கியிருந்தால், காவல்துறை அதை நீதித்துறை நடுவருக்கு உடனே தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று வழக்கறிஞர் பார்க்கட்டும்.

கரிசல்மண்:
புகார் வேறு மாநிலத்தில் பதிவாகியிருக்கிறது. வழக்கறிஞருடன் திங்களன்று கிளம்புகிறோம். கட்டணத்தை அப்பா நகையை அடகு வைத்துச் செலுத்திவிட்டார். அந்த நண்பனின் கைபேசி அணைந்திருக்கிறது.