டொராண்டோ கிண்டர்கார்டன்: மதியம் வரை சாதம் சூடாக இருக்க என்ன வழி?

கேள்வி: மகளுக்கு 4 வயது. பள்ளியில் சாப்பாட்டைச் சூடாக்கித் தர மாட்டார்கள். வேர்க்கடலை, முந்திரிக்கும் தடை. காலை ஏழரைக்கு பிளாஸ்கில் வைக்கும் சாம்பார் சாதம் ஆறிக் கட்டியாகி, அப்படியே திரும்பி வருகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: முதல்ல காலி பிளாஸ்கில் கொதிக்கிற தண்ணி ஊத்தி, மூடி 10 நிமிஷம் வைங்க. உள்சுவர் ஜில்லுன்னு இருந்தா சாதத்தோட சூட்டை அதுவே இழுத்துக்கும். தண்ணியைக் கொட்டின கையோட, ஆவி பறக்கிற சாதத்தைக் கழுத்து வரைக்கும் நிரப்புங்க. பாதி காலியா இருந்தா சீக்கிரம் ஆறிடும். அதனால பெரிய பிளாஸ்க் வேண்டாம், 300 மி.லி. போதும். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. அரிசி தண்ணியை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ஒரு கப் சாதத்துக்கு அரை கப் வெந்நீர் கூடுதலா விட்டு, தளர்வா கரைச்சு வைங்க.

பதில் 2: மூடியையும் பாருங்க. கொதிக்கக் கொதிக்க இறுக்கினா, ஆவி குளிர்ந்து மூடி உள்ளே இழுத்துப் பிடிச்சுக்கும். பிள்ளையால திறக்க முடியாம பசியோட உட்கார்ந்திருக்கலாம், பாவம். ஒரு நிமிஷம் விட்டு மூடுங்க. வீட்டிலேயே திறந்து பழக்குங்க. தயிர் சாதம்னா வெதுவெதுப்பா அனுப்பாதீங்க, ஐஸ் பேக்கோட குளிர்ச்சியா வைங்க.

பதில் 3: பொங்கலில் முந்திரி போடாதீங்க. பொட்டுக்கடலை பாக்கெட்டிலும் ‘நட்ஸ் கலந்திருக்கலாம்’னு போட்டிருக்கான்னு படிங்க. எள்ளு சேர்த்த இட்லிப் பொடின்னா டீச்சர்கிட்ட முன்கூட்டியே கேளுங்க. கனடாவில் எள்ளும் முக்கிய அலர்ஜிப் பட்டியலில் இருக்கு.