வாக்குத்தத்த அட்டையை என்ன செய்வது?

உப்புக்காற்று:

ஸ்தோத்திரம். இங்கே வாசித்துவிட்டுப் போவேனே தவிர இதுவரை எழுதியதில்லை. மகள் தூங்கிய பிறகு எழுதுகிறேன், நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 31 இராத்திரி ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கச் சொல்வார்கள், புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சடித்த அட்டை. தாம்பாளத்தில் எல்லாம் குப்புறக் கிடக்கும், குடும்பத்துக்கு ஒன்று. இந்த வருஷம் என் வீட்டுக்காரர்தான் கைவிட்டு எடுத்தார். சங்கீதம் 91:16. “நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்.” திரும்பி வரும்போது பைக்கில், “பார்த்தியா, இன்சூரன்ஸ்காரன்கூட இப்படி எழுதித் தரமாட்டான்” என்று சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக சமையலறைக் கதவில் டேப் போட்டு ஒட்டினார்.

உப்பளத்து எடைமேடையில் கணக்கு எழுதுகிற வேலை அவருக்கு. மார்ச் இரண்டாம் வாரம், காலை பத்து மணி இருக்கும், நெஞ்சை அடைக்கிறது என்று தண்ணீர் கேட்டாராம். பக்கத்தில் இருந்தவர் பாட்டிலைத் திறந்து நீட்டுவதற்குள் முடிந்துவிட்டது. வயது 54.

இப்போது அந்த அட்டையைக் கிழிக்கவும் மனசு வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. மளிகைக்கடைக் காலண்டரை அதன் மேலேயே மாட்டி வைத்திருக்கிறேன். காற்றடித்தால் காலண்டர் விலகி “நீடித்த” என்கிற எழுத்து மட்டும் தெரியும்.

அடக்க ஆராதனை அன்றைக்கே நாலு பேர் என் காதருகில் வந்து “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெண்கள் ஐக்கிய சங்க வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலை ரோஜாப்பூப் படம் போட்டு ஒரு வசனம் வருகிறது. நாலு மாதமாக வீட்டில் குடும்ப ஜெபம் இல்லை. அவருடைய வேதப்புத்தகம் கட்டில் தலைமாட்டில் அப்படியே இருக்கிறது. தூசி தட்டுவேன், திறப்பதில்லை.

வேதத்தில் ஆறுதல் இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறீர்கள். எங்கே இருக்கிறது? அதிகாரம், வசனம் சொல்லுங்கள். வாக்குத்தத்தம் மட்டும் வேண்டாம்.

———

விசுவாசப் பயணி:

சகோதரி, ரோமர் 8:28 வாசியுங்கள். அவரிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது. விசுவாசத்தில் தளர்ந்துபோகாதீர்கள். ஜெபிக்கிறேன்.

———

வடசேரி வாத்தியார்:

மேலே எழுதிய தம்பிக்கு: அந்த அம்மா கடைசி வரியில் எழுதியதை வாசித்தீர்களா?

அம்மா, நான் நாகர்கோவிலில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். சபையில் மூப்பர் வேலையும் பார்த்திருக்கிறேன், அதனால் எத்தனையோ துக்க வீட்டில் நானும் அந்த நாலு பேரில் ஒருவனாக நின்றிருக்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் வீட்டம்மா போன பிறகுதான் அந்த வார்த்தை காதில் எப்படி விழும் என்று தெரிந்தது. ஒன்றைக் கவனியுங்கள். “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்பது பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு தன் வாயால், தன் துக்கத்தைப் பற்றிச் சொன்னது. வேறு யாரும் யோபுவிடம் வந்து சொன்னதல்ல. அவனுடைய சிநேகிதர்கள் வந்து ஏழுநாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை (2:13). அதுவரைக்கும் சரியாகத்தான் நடந்தது. வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தரே அவர்களைப் பார்த்து, யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். யோபு என்ன பேசினான்? பிறந்த நாளையே சபித்தான். வழக்குப் போட வேண்டும் என்றான்.

இனி உங்கள் அட்டை. 91ஆம் சங்கீதத்தை அட்டையில் அச்சடிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சுவிசேஷத்தில் அந்தச் சங்கீதத்தை எடுத்து வசனம் சொல்கிறவன் பிசாசு. மத்தேயு 4:6. தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக்குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். வசனத்தை உத்தரவாதப் பத்திரம்போல நீட்டுகிறான். இயேசு அதை அப்படி வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்கும் நீடித்த நாட்கள் கிடைக்கவில்லை, உங்கள் வீட்டுக்காரருக்குக் கிடைத்த அளவுகூட இல்லை. சிலுவையில் அவர் வாயில் வந்தது 91 அல்ல, 22: “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?”

நீங்கள் அதிகாரம், வசனம் கேட்டீர்கள். அட்டையிலிருந்து கொஞ்சம் பின்னால் போங்கள். 88க்கும் 91க்கும் நடுவில் இரண்டே சங்கீதம். 89ஐ எடுங்கள். பாதிக்கு மேல், 37ஆம் வசனம் வரைக்கும், துதியும் கர்த்தர் தாவீது ராஜாவுக்குக் கொடுத்த வாக்குத்தத்தமும்தான். ஆணையிட்டேன், பொய் சொல்லேன், அவன் சந்ததி என்றென்றைக்கும் இருக்கும் என்று வரிசையாக வரும். 38இல் “ஆனாலும்” என்று திரும்பும் பாருங்கள். தள்ளிவிட்டீர், கிரீடத்தைத் தரையில் போட்டீர், அவன் வாலிபநாட்களைக் குறுக்கினீர். 49இல் நேராகவே கேட்டுவிடுகிறான், “உமது பூர்வ கிருபைகள் எங்கே?” என்று. அதற்குப் பதில் வருவதில்லை. அத்தோடு சங்கீதங்களின் மூன்றாம் புத்தகம் முடிகிறது. எழுதியவன் பெயர் ஏத்தான் என்று தலைப்பில் இருக்கிறது.

உங்களுடைய கேள்வியும் அதுதானே? அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இது எங்கே என்று கேட்பது. அப்படிக் கேட்டவனை யாரும் வேதத்திலிருந்து நீக்கவில்லை. அவன் கேட்டதை இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக ஆராதனையில் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

88ஐ நான் சொல்லமாட்டேன். அது கடுமையானது. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

———

பொழிக்கரை:

வாத்தியார் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்.

நான் கத்தோலிக்கன், கீழ மணக்குடி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழ மணக்குடிக்கும் மேல மணக்குடிக்கும் நடுவில் இருந்த பாலமே போய்விட்டது என்றால் வீட்டை எல்லாம் கேட்கவே வேண்டாம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மாவும் தங்கச்சியும்.

முகாமில் ஒரு சிஸ்டர் தினமும் வருவார்கள். எதுவும் போதிக்கமாட்டார்கள். துணி மடித்துக் கொடுப்பார்கள், போவார்கள். ஒருநாள் திருவிவிலியத்தை என் கையில் தந்து, திருப்பாடல் 88, இதைச் சத்தமாக வாசி என்றார்கள் (உங்களுக்குச் சங்கீதம், எங்களுக்குத் திருப்பாடல், எண் ஒன்றுதான்). வாசித்தேன். அலைகள் எல்லாம் என் மேல் விழுந்து வருத்துகின்றன என்று ஒரு இடம் வரும். அதைத் தாண்டி எனக்குக் குரல் வரவில்லை. சிஸ்டர் மீதியை வாசித்தார்கள்.

மற்ற புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் எப்படியாவது கடைசியில் “ஆனாலும் உம்மைப் புகழ்வேன்” என்று ஒரு வளைவு எடுக்கும். இது எடுக்காது. பதினெட்டு வசனம், கடைசி வரை இருட்டு. உங்கள் மொழிபெயர்ப்பில் “எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்” என்று முடியும் என நினைக்கிறேன். 1995இல் வந்த எங்கள் பொது மொழிபெயர்ப்பில் இருள்தான் இனி நண்பன் என்கிற மாதிரி முடியும். எனக்கு எங்களுடையதுதான் பிடிக்கும். ஒரு பிரார்த்தனை அப்படி முடியலாம் என்று அதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சிஸ்டரிடம் கேட்டேன், இதை ஏன் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள் என்று. உன்னை மாதிரி ஆளுக்குத்தான், வேறு யாருக்கு என்றார்கள். துணியை மடிக்கப் போய்விட்டார்கள்.

———

மஸ்கட் நர்ஸ்:

அக்கா, நான் வேறு ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? மகள் தூங்கிய பிறகு எழுதுகிறேன் என்கிறீர்களே, நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என் அண்ணன் இறந்தபோது எனக்கு லீவ் கிடைக்கவில்லை. அடக்கத்தை வீடியோ காலில் பார்த்தேன், குழிக்குள் இறக்கும்போது சிக்னல் போய்விட்டது. அதற்கப்புறம் டியூட்டி, ரூம், டியூட்டி, ரூம். வேதம் வாசித்தால் எழுத்து தெரியும், அர்த்தம் ஏறாது. அப்போது எனக்கு ஏறிய ஒரே இடம் 1 இராஜாக்கள் 19. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தூதன் வருகிறான். வசனம் சொன்னானா? விசுவாசம் எங்கே என்று கேட்டானா? “எழுந்திருந்து போஜனம்பண்ணு.” அவ்வளவுதான். பார்த்தால் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கிறது. அடை அக்கா, நம்முடைய வார்த்தை! சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறார். தூதன் அதற்கும் திட்டவில்லை. இரண்டாம் தரம் எழுப்பிச் சாப்பிடச் சொல்லி, “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்கிறான். கர்த்தர் எலியாவிடம் பேசுவது அதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் கழித்து.

நாலு மாதமாகியும் தூக்கம் சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஒரு டாக்டரைப் பாருங்கள். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் சூரைச்செடியைக் காட்டுங்கள்.

———

காயல் பெண்:

நான் முஸ்லிம், காயல்பட்டினம். கேட்காமலே நுழைகிறேன்.

எங்கள் வாப்பா மவுத்தானபோது உம்மா நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தார்கள், கணவரை இழந்தவர்கள் காக்கிற துக்க நாட்கள். வெளியே போக வேண்டாம், நல்ல உடுப்பு வேண்டாம், விசேஷ வீடு வேண்டாம். சின்ன வயதில் அது எனக்கு அடைத்துப் போட்டதுபோலத் தெரிந்தது. உம்மாவிடம் பின்னால் கேட்டேன். “சிரிச்சுக் காட்டுன்னு யாரும் வந்து கேக்கலியே” என்றார்கள். எல்லாருக்கும் அப்படி இருக்கும் என்று சொல்லவரவில்லை. நீங்கள் நாலு மாதம் என்று எழுதியதும் அது நினைவுக்கு வந்தது.

சூரா யூசுஃபில் யஃகூப் நபி, உங்கள் யாக்கோபு, மகனை இழந்து “அழகிய பொறுமை” என்கிறார்கள். 83ஆவது வசனம். அடுத்த வசனத்திலேயே அழுது அழுது கண் வெளுத்துப்போகிறது. பொறுமை என்றால் அழக்கூடாது என்று சொல்பவர்கள் இரண்டு வசனத்தையும் சேர்த்து ஓதுவதில்லை. பிள்ளைகள் இதைக் கண்டு சடைத்துக்கொள்ளும்போது, என் துக்கத்தை அல்லாஹ்விடம்தானே முறையிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறார்கள். உங்களிடம் சொல்லவில்லையே என்பது மாதிரி.

———

விசுவாசப் பயணி:

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. அவசரத்தில் எழுதிவிட்டேன். வாத்தியார் ஐயா சொன்ன 89ஐ நான் இதுவரை முழுசாக வாசித்ததில்லை.

———

உப்புக்காற்று:

எல்லாருக்கும் நன்றி. தம்பி, உங்கள் மேல் கோபமில்லை. நானும் பத்து வீட்டில் அந்த ரோமரைச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று மத்தியானம் அவருடைய வேதப்புத்தகத்தைத் திறந்தேன். உள்ளே கரண்ட் பில், ஒரு பஸ் டிக்கெட், மகளுடைய எட்டாம் வகுப்பு பாஸ்போர்ட் போட்டோ. பென்சிலால் கோடு போடுகிற பழக்கம் அவருக்கு. 23இல் கோடு, 91இல் ஏறக்குறைய எல்லா வசனத்திலும் கோடு. 88இல் ஒன்றுமே இல்லை. தாள்கூடப் புதுசு மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்.

மணக்குடித் தம்பி சொன்ன மாதிரி சத்தமாக வாசித்தேன். “மரித்தவர்களுக்கு அதிசயங்களைச் செய்வீரோ?” என்கிற இடம் வந்ததும் சத்தம் கூடிவிட்டது போல. அடுப்படியில் குக்கர் விசில், அதற்கு மேலே என் குரல். மகள் மாடியிலிருந்து ஓடிவந்து, “யாரைத் திட்டுறீங்கம்மா?” என்றாள். வேதம் வாசிக்கிறேன் என்றேன். நம்பவில்லை. புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அப்புறம் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “நான் ஒருதரம் வாசிக்கிறேன்” என்று முதல் வசனத்திலிருந்து தொடங்கினாள். நாலு மாதத்துக்குப் பிறகு வீட்டில் நடந்த குடும்ப ஜெபம் அதுதான், அதற்கு ஆமென் கிடையாது. அவருடைய பென்சிலை எடுத்து 10ஆம் வசனத்தில் நான் கோடு போட்டேன்.

நர்ஸ் தங்கச்சி, இராத்திரி இரண்டு மணி ஆகிறது தூங்க. டாக்டரிடம் போகிறேன், சனிக்கிழமைக்கு டோக்கன் வாங்கியாயிற்று.

காலண்டரை இன்னும் கழற்றவில்லை. ஜூலைத் தாளைக் கிழிக்க நான்கு நாள் இருக்கிறது. அப்போது அட்டை தெரியத்தான் செய்யும். பார்க்கலாம்.