ஏட்டுச் சுவடிகளில் இத்தனை பாடபேதம் ஏன்?

கேள்வி: புறநானூற்றுப் பதிப்பில் அடிக்குறிப்பெல்லாம் பாடபேதம், ஒரே அடி பிரதிக்குப் பிரதி வேறுபடுகிறது. ஏடெழுதியவர்கள் அவ்வளவு அசட்டையா?

பதில் 1: பாதிப் பழி எழுத்துமுறைக்கு. ஏட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே வடிவம். எகர ஏகாரத்துக்கும் வேறுபாடில்லை. 'கொ' என்று கண்ணில் படுவது கொ, கோ, கெர, கேர, கேர் எதுவாகவும் இருக்கலாம். எதுகையும் சீரும் பார்த்துத்தான் முடிவு கட்டவேண்டும்.

பதில் 2: மூலப்பாட்டும் உரையும் பிரிவில்லாமல் ஒரே ஓட்டமாக வரும், அதையும் சொல்லுங்கள். உ.வே.சா. 1887இல் சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியது பல பிரதிகளை ஒப்பிட்டுத்தான்.

கேள்வி: எழுத்தே மங்கியிருந்தால்?

பதில் 1: விளக்குக்கரியை எலுமிச்சம்புல் எண்ணெயில் குழைத்துத் தடவி, மெல்லிய துணியால் துடையுங்கள், கரி எழுத்தாணிக் கீறலில் மட்டும் தங்கும். உதிர்கிற ஏட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.