கால் நகத்தில் கருப்புக் கோடு: ரத்தக்கட்டா, வேறு ஏதாவதா?

வெயிலோன்:
அப்பாவுக்கு 61 வயது. வலது கால் கட்டைவிரல் நகத்தில் நீளவாக்கில் ஒரு கருப்புக் கோடு. வலி இல்லை. எங்கேயோ இடித்திருக்கும் என்கிறார். ரத்தக்கட்டுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம் நிறத்துக்குத் தோல் புற்றுநோய் வராது என்கிறார்களே?

கருங்காலி:
குறைவு, அவ்வளவுதான். கருநிறத்தவருக்கு மெலனோமா (நிறமி செல்களில் தொடங்கும் தோல் புற்றுநோய்) வந்தால் பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் வரும். 1981இல் ஜமைக்கா பாடகர் பாப் மார்லி இறந்தது கால் விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்.

ரத்தக்கட்டு நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும். கறைக்கும் நகத்தின் வேருக்கும் நடுவே சுத்தமான நகம் தெரிந்தால், கறையின் பின்விளிம்புக்கு நேரே நகத்தின் மேல் லேசாக ஒரு கோடு ராவி வையுங்கள் (சர்க்கரை நோயாளி என்றால் ராவ வேண்டாம், போட்டோ போதும்). கால் கட்டைவிரல் நகம் மாதம் சுமார் 1.5 மி.மீ. வளரும்; இரண்டு மாதத்தில் கறையும் கோடும் சேர்ந்து 3 மி.மீ. போலத் தள்ளிப் போயிருக்க வேண்டும். கருப்புக் கோடு வேரிலிருந்தே கிளம்பினால் இந்தச் சோதனை வேண்டாம், டாக்டரிடம் போய்விடுங்கள்.

நகக்கண்:
பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்பது நமக்குச் சகஜம். ஒரே நகத்தில் மட்டும், 3 மி.மீ.க்கு மேல், வேரில் அகலமாகவும் நுனியில் குறுகலாகவும் இருந்தால் கோடு விரிகிறது என்று அர்த்தம். கருமை நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவியிருந்தால் அந்த வாரமே காட்டுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, நகச்சொத்தை என்று மாதக்கணக்கில் பூஞ்சை மருந்து தடவுவது. இன்னொன்று, நகத்தை மட்டும் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பி நிம்மதியாவது. அதில் பூஞ்சையும் ரத்தமும் தெரியும்; புற்றுநோய் இல்லை என்று சொல்ல அது போதாது. நிறம் உருவாகும் வேர்ப்பகுதியில்தான் பயாப்ஸி (சோதனைக்குச் சிறு துண்டுத் திசு) எடுக்க வேண்டும்.

செம்பருத்தி:
அப்படியே பாதத்தையும் பாருங்கள். மாதம் ஒருமுறை, குளித்த பிறகு, பகல் வெளிச்சத்தில். குதிகாலுக்குக் கைக்கண்ணாடி, விரலிடுக்குகளை விரித்து. கால் ஆணி என்று நினைத்து ஆசிட் பிளாஸ்டர் ஒட்டியும் ஆறாத புண்ணை மறுபடி ஒட்டிக் கரைக்காதீர்கள். மருதாணி போட்ட நகத்தில் எதுவும் தெரியாது, கறை வளர்ந்து வெளியேற மாதங்கள் ஆகும்.

வெயிலோன்:
ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்தேன். வேரில் 4 மி.மீ., நுனியில் 3. வேரிலிருந்தேதான் வருகிறது. மற்ற நகங்களில் இல்லை.

நகக்கண்:
அப்படியானால் ராவிப் பார்க்கவே வேண்டாம். டெர்மோஸ்கோப் (தோலையும் நகத்தையும் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்திருக்கும் தோல் டாக்டரிடம் இந்த வாரமே. அதுவரை நகத்தை ஒட்ட வெட்டாதீர்கள், அந்தப் போட்டோவையும் எடுத்துப் போங்கள்.