குளத்துச் சேற்றை வைத்துப் பழைய ஆலைப்புகையைக் கணிக்கலாமா?

வண்டல்: "ஏரிப் படிவைத்தான் நம்பலாம், குளத்துச் சேறு கலங்கிப் போனது" என்று இங்கே சொல்கிறார்கள். ஏற்க முடியாது. வாய்க்கால் எதுவும் வந்து சேராத சின்னக் குளத்தில் வானத்திலிருந்து விழுந்ததன் பங்குதான் அதிகம். ஆழமான இடத்தில் குழாயை மெல்ல இறக்கி, மேல்பரப்பு கலங்காமல் கோர் (குழாய்க்குள் அடுக்குக் குலையாமல் வரும் சேற்றுத் தூண்) எடுத்து 1 செ.மீ. துண்டுகளாக நறுக்கினால் வரலாறு கையில்.

தெளிநீர்: நறுக்குவது யாராலும் முடியும், காலம் குறிப்பதில்தான் வம்பே. காற்றிலிருந்து விழுந்து சேற்றில் மெல்லச் சிதையும் கதிரியக்க ஈயம்-210-ஐ வைத்துத்தான் வயது கணிக்கிறோம்; அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) சுமார் 22 ஆண்டு. 150 ஆண்டுக்கு மேல் அது உதவாது. தூர்வாரிய குளமென்றால் நடுவே சில பத்தாண்டுகளே காணாமல் போயிருக்கும். வயதைக் கணிக்கும் சூத்திரமோ அந்த இடைவெளியையும் மூடி வழவழப்பான கோடு போட்டுத் தரும்.

வண்டல்: அதற்குத்தான் சீசியம்-137. அணுகுண்டுச் சோதனைகளின் கதிர்வீழ்ச்சி 1963 வாக்கில் உச்சம். ஈயம் சொல்லும் 1963-உம் சீசியம் முகடும் வெவ்வேறு துண்டில் விழுந்தால் அந்தக் கோரை ஒதுக்கிவிடுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இன்னொன்று: சேற்று மாதிரியைக் காற்றுப் புகாமல் அடைத்து 3 வாரம் வைக்காமலே கதிர்வீச்சை எண்ணுகிறார்கள். சேற்றிலுள்ள ரேடியம்-226 சிதைந்து ரேடான் வாயுவாகி, அதுவும் ஈயம்-210 ஆகும்; அந்தப் பங்கைக் கழித்துத்தான் வயது பார்க்க வேண்டும். ரேடான் கசிந்து ரேடியம்-226 குறைவாகத் தெரியும். அடித்துண்டுகள் உண்மையைவிட இளையதாகிவிடும்.

தெளிநீர்: சரி, தேதி கிடைத்தது. ஈயம் கூடினால் ஆலைதான் காரணமா? பெட்ரோலில் கலந்த ஈயம் எங்கே போயிற்று? களிமண் அதிகம் வந்து சேர்ந்த துண்டிலும் ஈயம் கூடும். ஈய அளவைக் களிமண்ணின் அளவைக் காட்டும் அலுமினியத்தால் வகுக்காத வரைபடத்தை வைத்து யார்மீதும் பழி போடக்கூடாது.

கரித்துகள்: ஈயத்தைக் கொஞ்சம் விடுங்கள். கோளவடிவக் கரித்துகளை எண்ணுங்கள். நிலக்கரியும் கனரக எண்ணெயும் உயர்வெப்பத்தில் எரிந்தால்தான் அவை உண்டாகும், விறகும் காட்டுத்தீயும் தராது. உலர்ந்த சேறு 0.1 கிராம் போதும். நைட்ரிக் அமிலம் கரிமப்பொருளை நீக்கும், ஹைட்ரோஃபுளோரிக் சிலிக்காவை, ஹைட்ரோகுளோரிக் கார்பனேட்டை. ஒவ்வொன்றுக்கும் பிறகு மையவிலக்கில் சுற்றிக் கழுவ வேண்டும். அவசரமாக வடித்தால் துகளும் நீரோடு போய்விடும். நைட்ரிக் கட்டத்தைச் சுருக்கினால் பைரைட் (இரும்பு-கந்தகக் கனிமம்) உருண்டைகள் கருப்பாக நின்று எண்ணிக்கையைக் கெடுக்கும். 400 மடங்கில் பாருங்கள்: கன்னங்கரேலென்று, துளை விழுந்த உருண்டை. ஹைட்ரோஃபுளோரிக் கண்ணாடியை அரிக்கும், பாலிபுரோப்பிலீன் குழாய்தான். அமில ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைப்பெட்டியும், அந்த அமிலம் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் இல்லாத இடத்தில் தயவுசெய்து தொடவே தொடாதீர்கள்.

தெளிநீர்: துகள் எரிபொருளைச் சொல்லும், எந்தப் புகைபோக்கி என்று சொல்லாதே!

கரித்துகள்: சொல்லாதுதான். ஆலையை நோக்கிக் காற்று வரும் பக்கத்திலுள்ள குளத்திலும் ஒரு கோர் எடுங்கள். இரண்டிலும் செறிவை ஒப்பிடாதீர்கள், ஆண்டுக்குச் சதுர செ.மீ.-க்கு எத்தனை துகள் என்று ஒப்பிடுங்கள். சேறு வேகமாகச் சேர்ந்த குளத்தில் செறிவு தானாகவே நீர்த்துத் தெரியும்.

தெளிநீர்: அந்த 2 கோரிலும் சீசியம் முகடு தெளிவாக இருந்தால் ஏற்கிறேன்.