2^859433−1 சோதனையில் மீதி பூச்சியம் வருகுதில்லை: நிரலிலயா, இயந்திரத்திலயா பிழை?

வணக்கம். லூக்காஸ்–லேமர் சோதனையை (2^p−1 வடிவ எண் முதன்மை எண்ணா என்று பார்க்கும் முறை) சி மொழியில் எழுதியிருக்கிறேன். 1994இல் கண்டுபிடித்த 2^859433−1 (258,716 இலக்கம்) முதன்மை எண் என்பது தெரிந்ததே. ஆகவே 859,431 சுற்று முடிய மீதி 0 வரவேண்டும். ஆறு திரெட்டில் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) ஓட்டினால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வருகிறது. ஒரே திரெட்டில் 0 சரியாக வருகிறது.

இயந்திரம்: ரைசன் 5 3600, 8 ஜிபி ராம் இரண்டு. இடம் வெள்ளவத்தை, ஏசி இல்லாத அறை. மத்தியானம் சிபியு 88 பாகை வரை போகும். பெரிய எண்களை வேகமாகப் பெருக்கப் பயன்படும் எஃப்எஃப்டியின் நீளம் 65536, அதாவது ஒரு சொல்லுக்கு 13 பிட் அளவுதான். ரவுண்டிங் பிழை (முழு எண்ணாக்கும்போது வரும் வித்தியாசம்) 0.01ஐத் தாண்டவில்லை, அதனால் அது காரணமில்லை.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நாலு பாஸ், பிழையில்லை. எக்ஸ்எம்பியை (ராமைக் கூடிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) நிறுத்தினேன், ராமை ஒவ்வொன்றாகப் போட்டும் பார்த்தேன்; மாற்றமில்லை. வேகத்தை 3.6 கிகாஹேர்ட்ஸில் பூட்டியபோது பிழை குறைந்தது, நிற்கவில்லை. நாலு திரெட் மடிக்கணினியில் இதே நிரல் மீதி 0 தருகிறது. இடையில் பிழை வந்ததா என்று பார்க்க யாக்கோபி சோதனையும் (s என்பது சுற்றில் வரும் மீதி; s−2இன் யாக்கோபி குறியீடு −1 ஆக இருக்கவேண்டும்) வைத்தேன். அது பிழைகளில் பாதியைத்தான் பிடிக்கும். ஒருமுறை தப்பியது கடைசிவரை தப்பிவிடும். 1000 சுற்றுக்கு ஒருமுறை சேமித்து ஒப்பிட்டால், வித்தியாசம் தெரியும்போது எல்லா பிட்டும் கலங்கிவிட்டது.

கரி (carry, ஒரு சொல்லிலிருந்து அடுத்ததற்குப் போகும் மிகுதி) கடத்தும் இடத்தில் திரெட்கள் ஒன்றையொன்று முந்துவதையும், லோட் ஏறும்போது வோல்ட் இறங்குவதையும் பிரித்துக் காட்ட எந்தச் சோதனையைச் செய்யலாம்?