ஸ்மார்ட் மீட்டர் மாற்ற வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் எதற்கெல்லாம் வேண்டும்?

கேள்வி: மாடிப்போர்ஷன்

வாடகை வீடு. மின் இணைப்பு உரிமையாளர் பெயரில், கட்டணம் கட்டுவது குடியிருப்பவர். ஸ்மார்ட் மீட்டர் (யூனிட் கணக்கைத் தானாகவே மின் நிறுவனத்துக்கு அனுப்பும் மீட்டர்) பொருத்த ஆள் வருவதாகத் தகவல் வந்துவிட்டது, உரிமையாளர் வெளியூரில். அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் மாற்றவிடலாமா? கடிதம் வாங்குவதென்றால் என்ன எழுதி வாங்க வேண்டும்? ஒரே கட்டடத்தில் இரண்டு போர்ஷன், இரண்டு மீட்டர். மாடிப்படி விளக்கும் தண்ணீர் மோட்டாரும் எந்த மீட்டரில் ஓடுகின்றன என்று தெளிவில்லை. மாற்றும் அன்று எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: விதிமுறை

மீட்டர் பெரும்பாலான இடங்களில் விநியோக நிறுவனத்தின் சொத்து. அதைச் சோதிக்கவும் மாற்றவும் உள்ளே வரும் உரிமை, இணைப்பு வாங்கும்போது போட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கும். எனவே பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதியதை மாட்ட, உரிமையாளரிடம் தனியாக ஒப்புதல் கேட்பது அரிது. மீட்டரிலிருந்து வெளியே போகும் கம்பியிலிருந்து கதை வேறு. அதற்கப்பால் உள்ள வயரிங், மெயின் சுவிட்ச், சுவர் எல்லாம் வீட்டுக்காரருடையவை. மீட்டர் பலகை யாருடையது என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், படித்துப் பாருங்கள்.

ஆகவே பலகை உளுத்துப்போய் மாற்ற வேண்டியிருந்தாலோ, மீட்டரை இடம் மாற்றச் சொன்னாலோ அவர் சம்மதம் வேண்டும். இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் எட்டாமல், வெளியே ஆண்டெனா வைக்கத் துளை போட வேண்டியிருந்தாலும் அப்படியே. அடுக்குமாடியில் மீட்டர் அறை பொது இடம் என்பதால் சங்கத்தையும் கேட்க வேண்டும்.

முன்பணம் கட்டும் முறைக்கு மாற்றுவதைத் தனியாகப் பாருங்கள். ஒப்பந்தக்காரர் உரிமையாளர் என்பதால் அந்த மாற்றத்துக்குக் கையெழுத்து தேவைப்பட்டால் அவர்தான் போட வேண்டும். இருப்புத் தீர்ந்தால் மீட்டருக்குள் இருக்கும் ரிலே எனும் சுவிட்ச் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும், இருட்டில் உட்காருவது நீங்கள். இருப்புக் குறைவு எச்சரிக்கை உரிமையாளரின் பழைய கைப்பேசி எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. கடிதத்தில் உங்கள் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். வீட்டு முகவரி, மின் இணைப்பு எண், பழைய மீட்டரின் வரிசை எண் இருக்கட்டும். "அதே இடத்தில் மாற்றச் சம்மதம், இடம் மாற்றவோ புதிய கேபிள் இழுக்கவோ என்னைக் கேட்க வேண்டும்" என்ற வரி அவசியம். பலகை, மெயின் சுவிட்ச், கம்பி ஆகியவற்றில் பழுது தெரிந்தால் செலவு யாருடையது என்பதையும் எழுதுங்கள், பின்னால் சண்டை வருவது அதில்தான். கூட்டு உரிமை என்றால் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். ஒருவர் மற்றவர்களுக்காகப் போட்டால் அதிகாரப் பத்திரத்தின் நகலை இணைக்க வேண்டும்.

பதில்: கம்பிவேலை

மேலே சொன்னது காகிதத்துக்கு. புது மீட்டர் வந்தபின் எழும் புகார்களில் பல, மீட்டரால் வருபவை அல்ல, வீட்டுக்காரரின் பழைய வயரிங்கில் ஏற்கெனவே இருந்தவை. இரண்டு போர்ஷன் என்கிறீர்கள். முதலில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய கட்டடங்களில் இரண்டு போர்ஷனின் நியூட்ரலையும் ஏதோ ஒரு ஜங்ஷன் பெட்டியில் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். பழைய சக்கர மீட்டர் பெரும்பாலும் ஃபேஸ் கம்பியில் (மின்சாரம் வரும் கம்பி) போகும் மின்னோட்டத்தை மட்டும் கணக்கில் எடுக்கும், அதற்கு இது தெரியாது. ஸ்மார்ட் மீட்டர்களில் பல இரண்டு கம்பியையும் அளக்கும். வித்தியாசம் கண்டால் முறைகேடு என்று பதிவு செய்யும். இரண்டில் எது அதிகமோ அதற்குக் கணக்குப் போடும் மீட்டர்களும் உண்டு. அப்போது பக்கத்துப் போர்ஷன் ஓட்டும் சாமானுக்கு உங்கள் யூனிட் ஏறும்.

கண்டுபிடிப்பது எளிது. மெயின் சுவிட்சிலிருந்து வீட்டுக்குள் போகும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து கிளாம்ப் மீட்டரின் (கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வாய்க்குள் விடுங்கள். போவதும் வருவதும் ஒன்றையொன்று தின்றுவிடுவதால் சுழியம் காட்ட வேண்டும். ஆம்பியர் கணக்கில் ஏதாவது நின்றால் நியூட்ரல் கலந்திருக்கிறது, அல்லது எங்கோ எர்த்தில் கசிகிறது. மூடி திறந்து செய்யும் வேலை, உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும். போர்ஷனுக்கு ஒன்று என்று 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஏற்கெனவே இருந்து, அது காரணமில்லாமல் விழாமலும், சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழவும் செய்தால், கவலைக்கு இடம் குறைவு. கலந்த நியூட்ரலைப் பிரித்துப் போடுவது உரிமையாளர் வேலை, அவர் செலவு.

மோட்டாருக்கும் படி விளக்குக்கும் கருவியே வேண்டாம். இரண்டையும் ஓடவிட்டு உங்கள் மெயினை அணையுங்கள். எது நின்றதோ அது உங்கள் மீட்டரில்.

மாற்றும் அன்று: பழைய மீட்டரின் வரிசை எண், சீல், கடைசி யூனிட் மூன்றும் படிக்கும்படி படம் எடுங்கள். சூரிய மின்சாரம் இருந்தால் வெளியே அனுப்பிய யூனிட்டின் (ஏற்றுமதி) கணக்கையும் எடுங்கள். மீட்டர் மாற்றப் படிவத்தில் அதே எண்தான் எழுதப்படுகிறதா என்று பார்த்தபிறகு கையெழுத்து. கம்ப்யூட்டர் போன்றவற்றை முன்பே அணைத்துவிடுங்கள்.

டெர்மினல் வரிசையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் இடமிருந்து ஃபேஸ் உள்ளே, நியூட்ரல் உள்ளே, நியூட்ரல் வெளியே, ஃபேஸ் வெளியே. மற்றதில் ஃபேஸ் உள்ளே, ஃபேஸ் வெளியே, பிறகு நியூட்ரல் இரண்டும். ஒரு வகையைக் கழற்றி மற்றதை மாட்டும்போது பழைய பழக்கத்தில் சொருகினால் நேரடி ஷார்ட். மூடியின் உட்புறத்தில் இருக்கும் வரைபடத்தைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். வரிசை மாறுவதால் கம்பி நீளம் போதாமல் இழுத்துப் பிடித்து முடுக்குவதும் நடக்கிறது, அதை விடாதீர்கள். இழுவிசையில் நிற்கும் கம்பி நாளடைவில் தளரும். தளர்ந்த இணைப்பில் 0.01 ஓம் தடை வந்தாலே, 30 ஆம்பியர் ஓடும்போது 9 வாட் வெப்பம் அந்த ஒரு திருகில் நிற்கும். பழைய அலுமினியக் கம்பி என்றால் இன்னும் கவனம்: ஆக்சைடைச் சுரண்டி, அதற்குரிய லக் (கம்பி முனையில் மாட்டும் உலோக மூடி) போட்டு முடுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மூடிக்கு வெளியே கையின் பின்புறத்தை வைத்துப் பாருங்கள். சூடோ, கருகிய பிளாஸ்டிக் வாசனையோ வந்தால் உடனே புகார். சீலை நீங்கள் உடைக்காதீர்கள்.

மாடிப்போர்ஷன்

நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள். யூனிட் ஏறினால் மீட்டர் சரியா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? அரை மணிக்கொரு முறை பதிவாகும் கணக்கை உரிமையாளர் பார்க்க முடியுமா?

பதில்: கம்பிவேலை

முகப்பில் சிவப்பு விளக்கு மினுக்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்றால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் ஹீட்டரை மட்டும் ஓடவிட்டால் பத்து மினுக்கு இடைவெளிக்கு 11.25 விநாடி ஆக வேண்டும். 1600 என்றால் 22.5 விநாடி. மின்னழுத்தம் குறைந்தால் ஹீட்டரின் வாட்டும் குறையும். 230 வோல்ட்டுக்குச் செய்தது 220-ல் சுமார் 915 வாட்தான் இழுக்கும், நேரம் 12.3 விநாடி ஆகும். இதைக் கணக்கில் எடுக்காமல் மீட்டரைக் குறை சொல்ல வேண்டாம். வித்தியாசம் அதற்கும் மேல் என்றால் ஆய்வகச் சோதனைக்கு எழுதிக் கொடுங்கள்.

பதில்: விதிமுறை

கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் மின் நிறுவனத்தின் செயலிக்குள் நுழைவார், எனவே முடியும். அரை மணிக்கு ஒன்று என்றால் நாளுக்கு 48 பதிவு. எப்போது எழுகிறீர்கள், எத்தனை நாள் வீடு பூட்டிக் கிடந்தது எல்லாம் அதில் தெரியும். இது அற்ப விஷயமல்ல. நெதர்லாந்தின் மேலவை 2009-ல் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டத்தை ஏற்க மறுத்ததற்கு முக்கியக் காரணம் அந்தரங்கம்தான். அமெரிக்காவில் நேப்பர்வில் நகர வழக்கில் 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 15 நிமிடக் கணக்கைச் சேகரிப்பதும் சட்டப்படி வீட்டைச் சோதனையிடுவதே என்றது. ஆனால் அது நியாயமான சோதனை என்று நகரத்துக்குச் சாதகமாகவே தீர்த்தது.

முடிந்தால் இணைப்பையே உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள், அதற்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் வாடகை ஒப்பந்தத்தில் "மாத மொத்த யூனிட் தவிர நேரவாரிக் கணக்கை உரிமையாளர் பார்க்கவோ பிறருக்குத் தரவோ மாட்டார்" என்று ஒரு வரி சேருங்கள். காலி செய்யும் நாளில் அன்றைய யூனிட்டைப் படமெடுத்து, செயலியிலிருந்து உங்கள் கைப்பேசி எண்ணை நீக்கச் சொல்லிவிடுங்கள்.